ஆமத்தூர் கிட்டங்கியும் மூன்று ஏலக்காரர்களும்

பழைய மெஷினுக்கும் வண்டிக்கும் விலை மதிப்பிடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. ஏலக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், ஒரே காலைப்பொழுதில் பதினொரு டீ குடிக்க வயிறு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தாங்கவில்லை. ஏன் பதினொரு டீ என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விருதுநகரில் முப்பது வருடத்துக்கு மேல் மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேய்மானம் எப்படிக் கணக்கிடுவது, துருவைச் சுரண்டி இரும்பின் வயதை எப்படிப் பார்ப்பது என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் படிக்காதவர்களுக்கு அனுபவம் கற்றுக்கொடுக்கும். இரண்டும் இல்லாதவர்கள் மதிப்பீட்டாளர் சங்கத்தில் பதவிக்கு நிற்பார்கள்.

நான் முதன்முதலில் அமர்த்திய ஏலக்காரரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் மெஷின் ஒன்றை விற்க வேண்டியிருந்தது. யார் கமிஷன் குறைவாகக் கேட்கிறார் என்று மட்டும் பார்த்து ஓர் ஆளைப் பிடித்தேன். அவர் மெஷினை விற்றார். மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்த வாட்ச்மேனின் சைக்கிளையும் சேர்த்து விற்றுவிட்டார். அந்த வாட்ச்மேனுக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி இந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதற்கடுத்த தப்புகள் எல்லாம் வேறு வகை.

அவற்றில் பெரியது ஆமத்தூர் கிட்டங்கியில் நடந்தது. கிட்டங்கி என்றால் எங்கள் பக்கம் குடோன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி வந்த வேலை அது.

கிட்டங்கியும் அதில் இருந்த பொருள்களும் தங்கபுஷ்பம் அம்மாளுடையவை. சிவகாசியில் காலண்டரும் வெடிப்பெட்டி லேபிளும் அச்சடிக்கும் கம்பெனியை இருபத்தைந்து வருடம் ஒற்றை ஆளாக நடத்தியவர். அப்போது அவருக்கு எழுபது வயது நெருக்கம். காலை எட்டு மணிக்கே கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், நிழலில் உட்கார்ந்திருந்தாலும் கழற்ற மாட்டார். மற்ற முதலாளிமார் நகை வாங்கும் காசில் அவர் வண்டி வாங்கினார். மூக்கு நீண்ட லாரி இரண்டு, துணிக்கூரை ஜீப் ஒன்று, கிக்கர் திருப்பி அடித்தால் முழங்கால் பெயர்ந்துவிடும் மோட்டார் சைக்கிள் நான்கு, மணி கட்டிய தீயணைப்பு வண்டி, ஆயில் இன்ஜின்கள், கையால் சுற்றும் லித்தோ அச்சு மெஷின் என்று எல்லாமாகப் பத்தொன்பது உருப்படி. பத்தொன்பதாவது ஒரு ரோடு ரோலர். எங்கேயோ ஓர் ஏலத்தில் பழைய தேக்கு ஜன்னல் வாங்கப் போனவர் ரோலரோடு திரும்பி வந்தார் என்று சொல்வார்கள்.

அந்த ரோலர் ஓடும். ஓட்டுவதும் அவரேதான். ஒரு ஆடி வெள்ளிக்கு, இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட அதிலேயே கிளம்பியிருக்கிறார். பாதயாத்திரை போனவர்கள் இவரை முந்திப்போய், சாமி கும்பிட்டு, மொட்டை போட்டு, திரும்பி வரும்போது இவர் சாத்தூரைக்கூடத் தாண்டவில்லையாம். திரும்பி வந்தவர்களிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிட்டார்.

அப்போது கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய ஒரே மகன் செல்வகணேசன். நாற்பத்தைந்து வயதுக்காரர். நல்ல உழைப்பாளி, சிரிப்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்காதவர். ஆடிப் பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியிட்டாக வேண்டும். அதற்குள் புதிய ஆப்செட் மெஷின் ஒன்று வந்து இறங்க வேண்டும். இறக்க இடம் அந்தக் கிட்டங்கிதான். ஆகவே, "அந்த இரும்பையெல்லாம் எடைக்குப் போட்ருவோம்மா" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காயலான் கடைக்காரர் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்த அன்று தாயும் மகனும் எதிரெதிரே இருந்தார்கள்.

"தம்பி, இடம் வேணும்னா வேணுந்தான். அவன் தொழிலை நான் கெடுக்கலை. ஆனா ஒரு வண்டியைக்கூட கேஸ் கட்டர் வச்சு அறுக்கக் கூடாது. ஓட்டுறவுக கைக்குத்தான் போகணும்" என்றார் அம்மாள்.

"எதாவது ஒண்ணை வேணும்னா வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன், சார். கேக்க மாட்டேங்காக" என்றார் மகன்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்லே. பிச்சையா போடுத? எல்லாத்தையும் தூக்கு."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஏலம். அன்று விலை போகாதது எதுவாக இருந்தாலும் திங்கட்கிழமை காலை காயலான் கடைக்குப் போய்விட வேண்டும். நல்ல ஏலக்காரரைப் பிடித்துத் தருவது என் பொறுப்பு. சரியான ஆளைப் பிடித்தால் பத்தொன்பது வண்டி பிழைக்கும். தப்பான ஆளைப் பிடித்தால் அந்த அம்மாளின் முகத்தில் நான் முழிக்க முடியாது.

மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். என்னுடைய பழைய டிபன் கேரியரை என் ஆபீசில் இருக்கும் நாலு பேரிடம் விற்றுக் காட்ட வேண்டும். ரொம்பப் புத்திசாலித்தனமான பரீட்சை என்று அப்போது எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் கோயில் ஏலம் விடுகிறவர். பொங்கல் முடிந்ததும் அம்மனுக்குச் சாத்திய மாலை, எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் ஏலம் விடுவார்களே, அதில் பேர் எடுத்தவர். மைக் இல்லாமலே வெம்பக்கோட்டை அணைக்கு அந்தப் பக்கம் கேட்கும் தொண்டை. கேரியரை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, "அம்மன் அருளாலே..." என்று ஆரம்பித்தார். எங்கள் கணக்கப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டார். இரண்டே நிமிடத்தில் ஓட்டைக் கேரியர் ஆயிரத்து நூற்றொரு ரூபாய்க்குப் போனது. கணக்கப்பிள்ளை அதை வீட்டில் பூஜை அலமாரியில் வைத்தார். மறுநாள் காலை மயக்கம் தெளிந்து, "சார், பணத்தைத் திருப்பித் தாங்க, வீட்ல திட்டுதாக" என்று வந்து நின்றார். லாரி வாங்கியவர்களும் மறுநாள் இப்படி வந்து நின்றால் என்ன செய்வது? அவரை அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது ஆள் சென்னைக்காரர். அந்த வெயிலில் கோட்டு போட்டு வந்தார், கையில் அழகான மரச் சுத்தியல். கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த வருடம் வாங்கியது, யார் கொடுத்தது, எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கிறது என்று அரைமணி நேரம் விசாரித்தார். பிறகு அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் படித்தார். கேட்டுவிட்டு எனக்கே கண் கலங்கியது, கேரியரை விற்க மாட்டேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் விவரக் குறிப்பு, நிபந்தனைத் தாள் எல்லாம் முத்து முத்தாக இருந்தன. பழைய வண்டிக்கு இந்த மரியாதைதான் வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாவது ஆள் விருதுநகர் மார்க்கெட்டில் வத்தல், மல்லி தரகு பார்க்கிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் தரகர் என்றே வைத்துக்கொள்வோம். என்னைவிட எட்டு வயது சின்னவர். வாயில் வெற்றிலை இருந்ததால் பேசவில்லையா, பேசப் பிடிக்காததால் வெற்றிலை போட்டாரா என்று தெரியவில்லை. தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்தார். எங்கள் மார்க்கெட்டில் பழைய வழக்கம் இது. விலையை வாயால் சொல்வதில்லை. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைப் பிடித்தால் நாலு. ஆயிரமா லட்சமா என்பது பொருளைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். லட்சத்துக்கு மேல் ஏற்றிக் கேட்டால் இன்னொரு பிடி, அதில் ஒரு விரல் பத்தாயிரம். பக்கத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. தரகர் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, "அண்ணாச்சி, இதை விக்கிறதுக்கு உங்களுக்கு மனசில்லை. விடுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

'இது என்ன ஊமை ஏலம், இருநூறு பேர் வரும் இடத்தில் இந்த ஆள் என்ன செய்வார்' என்று நினைத்து, அவரை டீ மட்டும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சென்னைக்காரரை அமர்த்தினேன். இதுதான் என் தப்பு. மூன்று பேரும் எப்படி விற்கிறார்கள் என்று பார்த்தேனே தவிர, எங்கள் ஊர்க்காரர்கள் எப்படி வாங்குவார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் வேறு!

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தல் நிறைந்துவிட்டது. சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி என்று எல்லா ஊரிலிருந்தும் வியாபாரிகள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. எல்லார் கையிலும் விவரக் குறிப்பு. சென்னைக்காரர் மேடை ஏறி, முதல் உருப்படியான ஜீப்பைப் பற்றி மிக அழகாக நாலு வார்த்தை பேசி, "யார் ஆரம்பிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

யாரும் ஆரம்பிக்கவில்லை. தொகையைக் குறைத்துக் கேட்டார். இன்னும் குறைத்தார். ஜீப்பின் விலை ஸ்கூட்டர் விலைக்கு வந்தது. இருநூறு பேரும் மணமேடையில் உட்கார்ந்த மணப்பெண் மாதிரி குனிந்த தலை நிமிரவில்லை. சென்னைக்காரர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் ஏலம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எழுந்து கைகழுவப் போனார்.

அப்போது என் முழங்கையை யாரோ தொட்டார்கள். அருப்புக்கோட்டை மில்காரர். "அண்ணாச்சி, வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்."

ரோட்டோரக் கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அந்த ஜீப்பை எம்புட்டுக்கு முடிப்பீக?"

"மேடையில கேளுங்களேன், அண்ணாச்சி. ஏலம் நடக்குதுல்ல?"

"எப்படி கேக்கது? போன வாரம்தான் என் மச்சினன் வந்து பொண்ணு கல்யாணத்துக்குக் கைமாத்து கேட்டான். கையில பத்து பைசா இல்லைன்னு சாமி படத்துக்கு முன்னாடி சொல்லிட்டேன். அவன் அங்கன மூணாவது வரிசைல உக்காந்திருக்கான்."

திரும்பி வந்தேன். இன்னொருவர் முழங்கையைத் தொட்டார். இன்னொரு டீ. இவருக்குச் சம்பந்தி முன்னால் கேட்கக் கூச்சம். அடுத்தவருக்குப் பங்காளி. அதற்கடுத்தவர், தன் கடையில் வேலை பார்ப்பவர்கள் வந்திருக்கிறார்கள், போனஸ் இல்லை என்று சொல்லியிருக்கிறேன் என்றார். எட்டாவது டீயை வாங்கித் தந்தவர் அந்த மூன்றாவது வரிசை மச்சினனேதான். அவருக்கும் ஜீப் வேண்டுமாம், மாமாவுக்குத் தெரியக் கூடாதாம்.

பதினோராவது டீ முடிந்தபோது மணி பதினொன்றரை. ஏலம் முழுக்க டீக்கடையில் நடந்துகொண்டிருந்தது. மேடையில் சென்னைக்காரர் சுத்தியலோடு தனியாக நின்றார். ஒரு உருப்படிகூடப் போகவில்லை. பந்தலின் பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை கண்ணாடியையும் தாண்டி வந்தது. அவருக்குப் பின்னால் செல்வகணேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பந்தல் ஓரத்தில் தரகர் உட்கார்ந்து ஆமவடை தின்றுகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நான் நேராக அவரிடம் போனேன். தம்பிகளே, நெருக்கடியில் ஒரு மனிதன் செய்யவேண்டிய முதல் காரியம், தான் மடையன் என்பதைச் சீக்கிரம் ஒத்துக்கொள்வது. தாமதித்தால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

"தரகரே, நான் ஆளைத் தப்பாப் பிடிச்சிட்டேன். நீங்கதான் காப்பாத்தணும்."

அவர் வடையை முழுசாகத் தின்று முடித்துக் கையைத் துடைத்தார். "மைக்கை அமத்தச் சொல்லுங்க. சுத்தியலை உள்ள வைக்கச் சொல்லுங்க. பேரையும் விலையையும் உங்க காதுல மட்டும் சொல்லுவேன். சம்மதமா?"

சென்னைக்காரருக்குக் கோபம் வந்தது. "சார், இது ஏலமே இல்ல. யார் எவ்வளவு கேட்டாங்கன்னு யாருக்கும் தெரியாதே!" என்றார். "அதுதான் சார் இவுகளுக்கு வேணும்" என்றேன். அவர், உருப்படியின் பெயரையாவது தான்தான் அறிவிப்பேன் என்றார். அது நியாயமாகப் பட்டது.

அதற்குப்பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தரகர் துண்டோடு வரிசை வரிசையாகப் போனார். வேண்டியவர்கள் கையை நீட்டினார்கள், வேண்டாதவர்கள் கும்பிட்டு அனுப்பினார்கள். துண்டுக்கடியில் இரண்டு நொடி. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மில்காரர் துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டே எதிரில் இருந்த மச்சினனிடம், "காசு இருந்தா நம்மளும் கேக்கலாம், என்ன மாப்ளே" என்று வருத்தப்பட்டார். மச்சினனும் ஆமாம் மாமா என்று தலையாட்டிவிட்டு, தன் முறை வந்ததும் கையை உள்ளே விட்டார். பக்கத்து ஆள் என்ன கேட்டான் என்று தெரியாததால் ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த உச்ச விலையை முதலிலேயே கேட்டுவிட்டார்கள். ஜீப் நான் போட்ட மதிப்பைவிட ஒன்றரை மடங்குக்குப் போனது. சென்னைக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது உருப்படிக்கு, தன் கையையும் ஒருதரம் பிடித்துக் காட்டச் சொல்லி தரகரிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தாவதாகத் தீயணைப்பு வண்டி. தரகர் சுற்றி வந்து என் காதில் சொன்னார். "உசந்த விலை கேட்டது பின்னாடி நிக்கிற நீலச் சட்டை. ஆனா அண்ணாச்சி, அது வண்டி ஓட்டுற கை இல்ல. உள்ளங்கை பூரா தீப்பொறி பட்ட வடு. அறுக்கிற கை."

காயலான் கடைக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறார்! திங்கட்கிழமை வரை பொறுக்க அவருக்கு மனசில்லை. தூரத்திலிருந்து அம்மாள் கேட்டார். "ஓட்டுவாகளா, உடைப்பாகளா?"

என்ன செய்வது? உசந்த விலையை மறுத்தால் தகராறு வரும். அப்போது கைகொடுத்தது சென்னைக்காரரின் நிபந்தனைத் தாள். எந்தக் கேட்பையும் காரணம் சொல்லாமல் மறுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று ஏழாவது வரியில் அச்சடித்திருந்தார். அதைக் காட்டி நீலச் சட்டையை நிறுத்தினேன், வண்டி அடுத்த கைக்குப் போனது. ஆகவே கோட்டு போட்டவரைக் கேலி செய்தேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்தத் தாள் இல்லாமல் தரகரின் விரலால் மட்டும் ஒன்றும் ஆகியிருக்காது.

மூன்று மணிக்குள் பதினெட்டு உருப்படியும் ஓட்டுகிறவர்கள் கைக்குப் போய்விட்டன. ஒவ்வொன்றுக்கும் அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார், நான் ஒவ்வொரு தரமும் "ஓட்டுவாகம்மா" என்றேன். மிச்சம் ரோடு ரோலர்.

தரகர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இந்த முறை ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வந்தவர் எனக்குப் பக்கத்தில் தரையில் பொத்தென்று உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மூணு கை. ஒண்ணு சாத்தூர் பள்ளிக்கூடக்காரரு. கேட்டு வாசல்ல பெயிண்ட் அடிச்சு நிறுத்தப் போறாராம். அவரு ரொம்பக் கீழ. ரெண்டாவது கை, நான் பின்வரிசைப் பக்கம் போனப்ப துண்டை இழுத்துப் பிடிச்சு உள்ள வந்துச்சு. வளையல் போட்ட கை."

"அம்மாவா? அவுக சரக்கை அவுகளேவா?"

"கேளுங்க. மூணாவது ஆளு என்னை லாரிக்குப் பின்னாடி கூப்பிட்டு டீ வாங்கித் தந்தாரு. அவருதான் உசத்தி. அவுக அம்மாவைவிட ஒரு விரல் கூட."

தூரத்தில் செல்வகணேசன் எங்களைப் பார்க்காமல் கவனமாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு யோசிக்கக் கிடைத்தது ஒரு நிமிடம். அம்மாளுக்கு முடித்தால், நான் பெயரைச் சொல்லாவிட்டாலும் ரோலர் நகராமல் நிற்பதை வைத்தே விற்கிறவரே ஏலம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அப்படியானால் மற்ற பதினெட்டுக்கும் இவர்களே விலையை ஏற்றிவிட்டிருப்பார்கள் என்று பந்தலில் பேச்சு கிளம்பும், அத்தனை வண்டியும் கிட்டங்கிக்குத் திரும்பி வரும். மகனுக்கு முடித்தாலும் அதே கதைதான். அதோடு ஆறு மாதமாக இரும்பு இரும்பு என்று சொன்ன மனிதரை இருநூறு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைப்பதாகும். பள்ளிக்கூடக்காரருக்குக் கொடுப்பதுதான் முறை. ஆனால் அவர் ஓட்டவும் மாட்டார், உடைக்கவும் மாட்டார். தாயும் மகனும் ஆளுக்கொரு பக்கம் ஒளிந்து நின்று ஆசைப்பட்டதை மூன்றாவது ஆளுக்குத் தூக்கிக் கொடுக்க என் மனசு ஒப்பவில்லை.

மேடைக்குப் போய் ஏழாவது வரியைப் படித்தேன். "ரோடு ரோலர் ஏலம் போகவில்லை" என்று அறிவித்துவிட்டு இறங்கினேன்.

பின்வரிசையிலிருந்து அம்மாள் எழுந்து வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார், அன்றுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். "ஏலம் போகலைன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உங்களுக்கு? நாளைக்குக் காலைல அறுத்துருவான். பதினெட்டைக் காப்பாத்தி என்ன பிரயோசனம்? படிச்சவுகன்னு நம்பிக் கூப்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றார். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று தரகருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சென்னைக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரகர் மட்டும் என் காதருகே வந்து, "மகன் மேல பந்தயம் கட்டிட்டீக, அண்ணாச்சி. தோத்தா எனக்குப் பழி இல்லை" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஆமத்தூர் போய்விட்டேன். காயலான் கடைக்காரர் எனக்கு முந்தியே வந்திருந்தார். லாரியும் கிரேனும் கேட்டுக்குள் நின்றன. காலியான கிட்டங்கி நடுவில் ரோலர் மட்டும் இருந்தது. அதன் சீட்டில் அம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் இட்லிப் பொட்டலம். நான் வணக்கம் சொன்னேன், அவர் இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொண்டார்.

செல்வகணேசன் வந்து சேர்ந்தார்.

"முதலாளி, அம்மாவை இறங்கச் சொல்லுங்க. எங்களுக்கு அடுத்த லோடு இருக்கு" என்றார் காயலான் கடைக்காரர்.

செல்வகணேசன் ரோலரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிரேன் டிரைவரைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்துத் தனியாகப் பேச அங்கே கடையும் இல்லை, ஒளிய மறைவும் இல்லை.

"நீங்க போங்க. அது விக்கிறதுக்கு இல்ல" என்றார்.

"என்ன முதலாளி இப்படிச் சொல்றீக? விலை போகாததெல்லாம் எனக்குத்தான்னு பேச்சு. அது இரும்புதானேன்னு நீங்கதான ஆறு மாசமா சொன்னீக?"

"இரும்புதான். எங்க வீட்டு இரும்பு. அதுக்கு நேத்து நானே ஏலம் கேட்டிருக்கேன்."

சட்னி தொட்ட கை அப்படியே நின்றது. "ஏலே, நீயும் கேட்டியா?" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா."

"எம்புட்டுக்கு?"

எங்கள் ஊர் வியாபாரி நாலு பேர் நிற்கும் இடத்தில் தன் விலையை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னார், சத்தமாகவே சொன்னார். "நாலு லட்சத்துப் பத்தாயிரம்."

அம்மாள் இட்லியைக் கீழே வைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் வியாபாரியின் வாய்.

"அட கூறுகெட்ட பயலே! நான் நாலுக்குத்தாம்லே கேட்டேன். பத்தாயிரம் கூடப் போட்டு ஏமாந்துட்டியே!"